தனக்கோடி அம்மாளை மலையிலிருந்து இறக்கினது

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் கால் வைத்ததும் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு, "திரும்பிப் போயிடுங்கம்மா" என்பதுதான். சொன்னவர் டீக்கடைக்காரர். நான் கேட்டது ஒரு டீயும், வெள்ளிமலை பஸ் எத்தனை மணிக்கு என்ற தகவலும்தான்.

"நாளான்னிக்குலேர்ந்து ரோட்டு மறியல். ஒரு வாரத்துக்கு ஈ காக்கா போவாது. மலைக்கு ஏறினீங்கன்னா எறங்க முடியாது. நீங்க எந்த ஊருங்க?"

"மலேசியா. ஈப்போ."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து இன்னாத்துக்கு இங்க வந்தீங்க?"

"கதை எழுதுகிற ஒரு அம்மா இருக்கிறார். அவரைப் பார்க்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார். பைத்தியத்துக்கு இனிப்பு நல்லது என்று நினைத்திருக்கலாம்.

எண்பத்தேழாம் வருஷம் அது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டு அந்தப் பக்கமெல்லாம் போராட்டம் சூடு பிடித்திருந்தது. சுவரெல்லாம் அதே எழுத்து. லாட்ஜில் அறை கூட்ட வந்த பெண்கூட அதைத்தான் பேசினாள். "எம்புள்ள பத்தாவது பாஸுங்க. எங்க தெருவுல மொத ஆளு. நாலு வருசமா கரும்பு வெட்டிக்கினு கெடக்கறான்." எங்கள் நாட்டிலும் இந்தப் பங்குப் பேச்சு உண்டு. யாருக்கு எத்தனை இடம் என்று நாங்களும் மாய்ந்து மாய்ந்து பேசுவோம், ஆனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம். இங்கே நடுரோட்டில் நின்று கேட்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தப் பொறாமை மூன்று நாள்தான் தாங்கியது.

தனக்கோடி அம்மாளை என் பதினாலாவது வயதிலிருந்து எனக்குத் தெரியும், முகம் தெரியாமல். என் அப்பா ஈப்போவில் ஒரு சின்ன அச்சகம் வைத்து மாதப் பத்திரிகை நடத்தினார். பள்ளி விட்டு வந்ததும் எனக்கு அச்சுக் கோக்கிற வேலை. ஒருநாள் தமிழ்நாட்டிலிருந்து தபாலில் ஒரு தொடர்கதை வந்தது. 'நடவுக்கு வந்தவள்' என்று பெயர். பண்ணை வீட்டு மருமகள் ஒருத்திக்கு அந்த வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஒருநாள் தங்கள் வயலிலேயே கூலிக்கு நடவு நட இறங்கிவிடுகிறாள். சாயங்காலம் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று கூலி நெல்லை மடியில் வாங்கிக்கொண்டு, 'இது என் சோறு' என்கிறாள். அதை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவள் நான். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் போட மறுத்த கதை அது.

பிறகு இன்னும் மூன்று நாவல், 'வெறுங்கழுத்து' என்று ஒரு கவிதைத் தொகுப்பு. எதுவும் இப்போது அச்சில் இல்லை. அப்பா போன பிறகு அச்சகம் என் தலையில் விழுந்தது. எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகப் போட்டு, அந்த அம்மாள் இருக்கும்போதே கையில் கொடுத்துவிட வேண்டும் என்று வருகிறேன் என்று ஒரு கடிதம் போட்டுவிட்டு, மெய்ப்புப் பிரதிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். துணிக்குப் பெட்டியில் இடமில்லை. மூன்று சேலையோடு வந்தேன்.

மறுநாள் காலை வெள்ளிமலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு ஆடும் கிடைத்தது. எங்கள் நாட்டுக் கேமரன் மலைக்கு ஏறிப் பழகியவள் நான், வளைவுகளுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் எங்கள் பஸ்ஸில் பிரேக் இருக்கும். பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஏற மாட்டேன் என்று நின்றது. ஆண்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். "வெயிட்டு ஜாஸ்தி" என்று கண்டக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். ஆட்டைச் சொல்லியிருக்கலாம். நான் இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தாறு வயது, ஒல்லி, தடித்த கண்ணாடி, வெறுங்கழுத்து. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. நான் காலில் விழப் போனேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"சரோஜாவா? உங்கப்பா அஞ்சாவது அத்தியாயத்துல ரெண்டு வரிய வெட்டிட்டாரு. மொதல்ல அத சேரு."

முப்பத்தேழு வருஷம் அந்த இரண்டு வரியை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

சோறு போட்டவள் செல்லி. பள்ளி விடுதியில் சமைக்கிறவள். சின்ன வயதில் இந்த அம்மாளிடம் எழுத்துப் படித்தவள், இப்போது அவருக்கு எல்லாமும் அவள்தான். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். "மலேசியாவுல சோறு கெடைக்காதா?" என்று செல்லி கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள்.

அடுத்த நாள் முழுக்க மெய்ப்பு பார்த்தோம். திருத்திக்கொண்டே தன் கதையைச் சொன்னார், வேறு யாருக்கோ நடந்த மாதிரி.

பதிமூன்று வயதில் சித்தேந்தல் என்கிற ஊரில் பெரிய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறார். திருக்கோவிலூர் ரோட்டில் இருக்கிறதாம் அந்த ஊர். மூன்றாவது வரைதான் படிப்பு. மளிகை கட்டி வந்த காகிதங்களைப் படித்துப் படித்து எழுத்துப் பழகியிருக்கிறார். முதல் நாவலை நெற்குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினாராம். புத்தகமாக வந்ததும் என் அப்பா பார்சலில் முப்பது பிரதி அனுப்பியிருக்கிறார். பார்சலைப் பிரித்தது கணவர்.

"திட்டல, அடிக்கல. தெனம் ஒரு புக்கு எடுத்துனு போயி வெந்நீர் அடுப்புல போடுவாரு. குளிச்சிட்டு வந்து, சூடு பத்தலன்னு வேற சொல்லுவாரு. ஒரு மாசம் குளிச்சாரு எங்கதையில."

முப்பதாவது பிரதி எரிந்த அன்றைக்குக் கிளம்பிவிட்டார். ஐந்து வயதில் ஒரு மகன். அவனையும் கூட்டிக்கொண்டு போகத்தான் பார்த்தார்.

"ஒரு கைய நான் புடிச்சிக்கினேன், ஒரு கைய மாமியா புடிச்சிக்கினா. ரெண்டு பேரும் இழுத்தோம். வலிக்குதுன்னு அழுதுச்சி. நான் வுட்டுட்டேன்" என்றார். பிறகு ஒரு பக்கம் முழுக்கத் தலை நிமிரவில்லை.

பிறகு எட்டாவது பரீட்சை எழுதித் தேறி, ஆசிரியைப் பயிற்சியும் முடித்து, யாரும் போக விரும்பாத ஊராக வேண்டும் என்று கேட்டு, இந்த மலையில் ஆசிரியை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார். வந்த முதல் மாதம் தாலியைக் கழற்றி ரிஜிஸ்தர் தபாலில் சித்தேந்தலுக்கு அனுப்பினாராம். "ஒப்புகை அட்டை வந்துச்சி. அவரு கையெழுத்து போட்டிருந்தாரு. எங்க கலியாணத்துக்கு ஒரே ரசீது அதுதான்." இதைச் சொல்லும்போது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார், இருமல் வரும் வரைக்கும்.

அவர் எழுதிய முறை எனக்கு யாரும் சொல்லித் தராதது. எழுதியதைச் சாமை புடைக்கிற பெண்கள் நடுவில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாராம். யாரிடமும் நன்றாக இருக்கிறதா என்று கேட்க மாட்டார். கைகளைத்தான் பார்ப்பார். ஒரு வரியில் முறம் நின்றால் அந்த வரி இருக்கும், நிற்காவிட்டால் அடித்துவிடுவார். அப்படி எல்லா முறமும் நின்ற கவிதை என்று இதைக் காட்டினார்:

அடுப்பு என்னுடையது என்றார்கள்.
தீ யாருடையது என்று கேட்டேன்.
அன்றைக்குச் சோறு குழைந்துபோனது.

மறியலைப் பற்றிக் கேட்டேன். "கேக்கட்டும். கேக்க வேண்டியதுதான்" என்றார். "கெடைக்கட்டும், அதுல பொண்ணுக்கு எவ்ளோன்னு அப்பறம் நான் கேப்பேன்."

சாயங்காலம் புத்தகம் போட அனுமதி என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செல்லி கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் வீட்டுக்கு மேலே இருந்த பலாமரத்தைக் காட்டி, "செத்தா அதும் பக்கத்துல பொதைச்சிருங்க. சித்தேந்தல் மண்ணு எம்மேல படக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றார்.

"இப்போ எதுக்கும்மா சாவுப் பேச்சு?" என்றேன்.

"எழுதறவளுக்கு முடிவு முக்கியம்டி."

நான்காம் நாள் விடியும்போது செல்லி என்னை உலுக்கி எழுப்பினாள். அந்த அம்மாள் கட்டிலில் குறுகி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை, உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்திலிருந்த கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, "நெஞ்சுவலி. இங்க வெச்சிருந்தா தாங்காது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிதான்" என்றார்.

ஜீப் ஓட்டுகிற கோவிந்தன் வந்தான். கீழே ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், முயற்சி செய்து பார்க்கலாம், அவ்வளவுதான் என்றான். செல்லியால் வர முடியவில்லை. விடுதியில் அறுபது பிள்ளைகள், மறியலால் ஊருக்கும் போகாமல் கிடந்தார்கள். உலை வைக்க வேறு ஆள் இல்லை. "நீ இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நான்தான் சொன்னேன். அந்த அம்மாளைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மலை இறங்கும் வரை தடையில்லை. அடிவாரம் தாண்டியதும் முதல் மரம் கிடந்தது. நல்ல முற்றிய புளியமரம், காயோடு அப்படியே சாய்ந்திருந்தது. இருபது முப்பது பேர் நின்றார்கள். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். "அய்யோ, பெரியம்மாவுக்கு முடியலியா, போங்க போங்க" என்று கிளைகளை வெட்டி, வயல் வழியாக ஒரு பாதை காட்டினார்கள். நல்ல மனுஷர்கள். ஒருவர் தன் தோளிலிருந்த துண்டை நனைத்துக் கொடுத்தார்.

அடுத்த தடைக்கு ஒரு மைல் முன்னால், எதிரே நடந்து வந்த ஒருவர் கையை ஆட்டி ஜீப்பை நிறுத்தினார்.

"போவாதீங்க. எங்கியோ போலீசு சுட்டுட்டாங்களாம். வெறியா இருக்கறானுங்க. காலையில நோயாளின்னு சொல்லிக்கினு ஒரு ஆபீசரு பூந்துட்டான். இப்ப உசுரோட ஒருத்தரையும் வுடறதில்ல. பொணம்னா மட்டும்தான் வுடறாங்க."

கோவிந்தன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று புரிந்தது, வாயைத் திறந்து கேட்க எனக்கு மனம் வரவில்லை. மடியிலிருந்து குரல் வந்தது.

"போத்து. செத்துத்தான் பாக்கறேன்."

கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெள்ளைத் துப்பட்டியால் தலைவரை மூடினேன். துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது. என் பெட்டியிலிருந்த சேலையை எடுத்து நெஞ்சின் மேல் மடித்து வைத்து மறைத்தேன்.

அந்த இடத்தில் மூன்று மரங்கள் குறுக்கே கிடந்தன. ஆட்கள் ஜீப்பைச் சுற்றிக்கொண்டார்கள். கோவிந்தன், "பொணம்ங்க" என்றான். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. தலைப்பாகை கட்டிய ஒருவர் மட்டும் நகரவில்லை.

"எந்த ஊரு பொணம்?"

கோவிந்தன் ஸ்டீயரிங்கைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: மலையில் செத்தவரை மலையிலேயே புதைப்பார்கள். வெள்ளிமலைப் பிணம் கீழே இறங்கிப் போக ஒரு காரணமும் கிடையாது. வெள்ளிமலை என்று சொன்னால் துணியை விலக்கிப் பார்த்துவிடுவார்கள். கள்ளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு ஊர் வேண்டும். எனக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஊர்தான் தெரியும்.

"சித்தேந்தல்" என்றேன். டக்கென்று வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"யாரு வூடு?"

"பெரிய வீடு. இவங்க பெயர் தனக்கோடி."

தலைப்பாகைக்காரர் முகம் மாறியது. "அட, பெரியவரு சம்சாரமா? மலைக்குப் போயிட்டதா சொல்வாங்களே, அவங்களா? எங்க மாமியா ஊருதாங்க அது." தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார். "பொம்பள பொணம் புருசன் ஊருக்குப் போய்ச் சேரணும், அதுல மறியல் கிறியல்லாம் கெடையாது." இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சைக்கிளில் முன்னால் அனுப்பினார். ஒருவன் ஒவ்வொரு தடையிலும் வழி விடச் சொல்ல, இன்னொருவன் நேரே சித்தேந்தலுக்குத் தகவல் சொல்ல.

அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மரங்களைப் புரட்டி வழி விட்டார்கள். வெறிபிடித்துக் கத்திக்கொண்டிருந்த பையன்கள்கூட ஜீப்பைக் கண்டதும் வாயை மூடிக் கும்பிட்டார்கள். பெண்கள் ஓடிவந்து அரிசியை ஜீப்பின் மேல் தூவினார்கள். என் மடியில் உயிரோடு ஒரு தலை, வெளியே வாய்க்கரிசி. ஊருக்கு ஊர் அந்த அரிசி விழுகிற சத்தத்தைக் கேட்டபோதுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் துணியை விலக்கினேன். கண் திறந்துதான் இருந்தது.

"ஏண்டி, வேற ஊரே கெடைக்கலியா ஒனக்கு?" என்றார்.

வார்டில் தரையெல்லாம் தடியடியில் மண்டை உடைந்த பையன்கள் படுத்திருந்தார்கள். ஒரு தாய் மகனின் ரத்தம் தோய்ந்த சட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மடிக்க ஒன்றுமில்லாதபோது பிரித்து மறுபடி மடித்தாள். தனக்கோடி அம்மாளுக்கு ஒரு கட்டில் கிடைத்தது, ஊசி போட்டார்கள். "நாளைக்குத் தாண்டட்டும், பாக்கலாம்" என்றார் டாக்டர். கோவிந்தனுக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஏற்றிப்போக இனிப் பிணம் இல்லையே. ஜீப்பிலேயே படுத்துக்கொண்டான்.

ராத்திரி வரைக்கும் பிணம் வந்து சேராததால், மறுநாள் காலையில் சித்தேந்தலிலிருந்து தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். நாலைந்து ஆட்கள், ஒரு மாட்டுவண்டி, மாலை, கோடிச் சேலை. வயல் வயலாக வண்டியை விட்டு வந்திருந்தார்கள். முன்னால் நின்றவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பிணவறை எங்கே என்று கேட்டவரை நர்ஸ் வார்டுக்குக் கூட்டி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பிணத்தைப் பார்த்து, மாலையும் கையுமாக நின்றார்.

"நான் சுந்தரங்க" என்றார்.

அந்த அம்மாள் தம்ளரைக் கீழே வைத்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அவருடைய இடது கையைத் தொட்டு, "இந்தக் கையா, அந்தக் கையா?" என்று கேட்டார். சுந்தரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுந்தரம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "வூட்டுக்கு வந்துருங்கம்மா."

"வர மாட்டேன்."

"செத்துட்டீங்கன்னு பந்தல் போட்டாச்சி. சொந்தக்காரங்கல்லாம் வந்து குந்திக்கினு இருக்காங்க."

"அப்ப பந்தலப் பிரிச்சிரு."

"அப்பா படுத்த படுக்கையா இருக்காரு."

"வெந்நீர் வெச்சிக் குடு" என்றார். பிறகு அவரே, "வுடு, அது ஒனக்குத் தெரியாது" என்றார். சுந்தரம் போகவில்லை. அன்றைக்கு முழுக்க அங்கேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை, "செத்தா?" என்று கேட்டார். அது மிரட்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"செத்தா நான் எங்க வரேன்? நீதான் தூக்கினு போற" என்றார் அந்த அம்மாள். கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பாவம் ஒனக்கு வேணாம், அவ்ளோதான் சொல்வேன்."

ஆறாம் நாள் காலை பத்து மணி வாக்கில், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. கூப்பிட்டேன். இரண்டு முறை கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று சுந்தரம் கையெழுத்துப் போட்டார். நான் குறுக்கே நின்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். மலைக்குத்தான் போக வேண்டும், அவர் சொன்னது அது என்றேன். அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அதில் புத்தகத்தைப் பற்றித்தான் இருந்தது. உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

"எப்பிடிங்க மலைக்குக் கொண்டு போவீங்க?" என்றார் சுந்தரம். அவர் அழுதுகொண்டிருந்தார். "எந்த ஊரு பொணம்னு கேட்டா இன்னா சொல்வீங்க? சித்தேந்தல்னு நீங்கதான சொன்னீங்க? அது ஊரு பூரா பரவிடுச்சி. அஞ்சு வயசுலேர்ந்து ஓடிப்போனவ மவன்னு பேரு வாங்கினவன்ங்க நான். எங்கம்மான்னு சொல்லி ஒரு நாளாச்சும் எங்க வாசல்ல அவங்க இருக்கட்டும்."

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மாட்டுவண்டிக்குப் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் மறியல்காரர்கள் மரத்தை விலக்கினார்கள், இந்த முறை நிஜப் பிணத்துக்கு. சித்தேந்தலில் பந்தல் பிரிக்கப்படாமலே இருந்தது. மூன்று நாளாகப் பிணத்துக்காகக் காத்திருந்த பந்தல். கணவரை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்தார்கள். அவருக்கு யார், என்ன என்று தெரிந்ததாகத் தோன்றவில்லை. புருஷன் இருக்கும்போது போனவள் என்பதால் அந்த அம்மாளுக்கு மஞ்சள் பூசினார்கள், அரக்குச் சேலை உடுத்தினார்கள், தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். "கழுத்து மொட்டையா இருக்குதே" என்று ஒரு கிழவி மஞ்சள் கயிறு கட்டினாள். நான் வேண்டாம் என்று சொன்னேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் யார்? பிறகு சுமங்கலிப் பெண்கள் வரிசையில் வந்து அவர் நெற்றிக் குங்குமத்தை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். "புண்ணியவதி, மஞ்சக் குங்குமத்தோட போனா" என்றார்கள். சாயங்காலம் எரித்தார்கள்.

மறியல் முடிந்து ரோடு திறந்த அன்றைக்கே கோவிந்தனோடு மலை ஏறினேன். நேரே விமானம் ஏறியிருக்கலாம். செல்லிக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ரோட்டோரம் முழுக்க அடிமரங்கள் நின்றன.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் செல்லியும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். ஜீப்பின் பின் சீட்டை எட்டிப் பார்த்தார்கள். காலி. செல்லி பலாமரத்தைப் பார்த்து நடந்தாள். பின்னால் போனேன்.

மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தது. மழை இறங்காமல் தழை போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"டீச்சரம்மா செத்துட்டுதுன்னு அன்னிக்கே சேதி வந்துட்டுது" என்றாள் செல்லி. "கீழ வேலைக்குப் போன ஆளுங்க சொன்னாங்க. சித்தேந்தலுக்குக் கொண்டு போறாங்கன்னாங்க. நாங்க நம்பல. ரோடெல்லாம் மரம் கெடக்குது, எப்பிடியும் நீ திருப்பிக் கொண்டாந்துருவேன்னு வெட்டிட்டோம்."

அந்த நேரத்தில் அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்தார் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சித்தேந்தல் என்று சொன்னது நான்தான் என்பது உட்பட. மஞ்சள் கயிற்றைச் சொல்லும்போது ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெட்டின குழியை வெறுமனே மூடக் கூடாதாம். அது அவர்கள் வழக்கம். வாழைமரம் ஒன்றை ஆள் உயரத்துக்கு வெட்டி வந்தார்கள். செல்லி வீட்டுக்குள் போய் அந்த அம்மாளுடைய நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்து அதற்குச் சுற்றினாள். குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி இறுக்கமாகச் சுற்றினாள். இரண்டு பேர் இறக்கினார்கள். மண்வெட்டியை என்னிடம் கொடுத்தாள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு செல்லி கேட்டாள்.

"அந்த ஊரு பேரு எப்பிடிம்மா ஒன் வாயில வந்துச்சி?"

"வெள்ளிமலைன்னு சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டாங்க, செல்லி. திருப்பி அனுப்பியிருப்பாங்க."

"திரும்பி வந்திருக்கலாம் இல்ல?"

"வந்திருந்தா பிழைச்சிருக்கவே மாட்டாங்க. அன்னிக்கே செத்திருப்பாங்க."

"இங்க செத்திருக்கும்" என்றாள் செல்லி.

நான் மண்ணை அள்ளிப் போட்டேன்.